கொடையாளருக்குப் பொட்காஸ்டா, வட்ஸ்அப் குரல்பதிவா?

யாழ்ப்பாணத்தில் முன்பள்ளி, முதியோர் இல்லம் நடத்துகிற பலர் கொடையாளருக்குச் செய்தி சொல்ல, பொட்காஸ்ட் (இணையத்தில் தொடராகப் போடும் ஒலிப்பதிவு), வட்ஸ்அப் குரல்பதிவு ஆகிய இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள்.

செலவு: இரண்டுக்கும் கைபேசி போதும். ஆனால் பொட்காஸ்டில் பத்து நிமிடப் பேச்சை வெட்டி ஒட்டவே ஒரு பின்னேரம் போய்விடும்.

ஆயுள்: குரல்பதிவு, குழுவின் காலை வணக்கப் படங்களுக்குள் புதைந்துவிடும். பொட்காஸ்ட் தேடினால் கிடைக்கும். கோடையில் ரொறன்ரோ எங்களுக்கு 9½ மணிநேரம் பின்னால். நாங்கள் படுக்கப் போகும்போது அங்கே மதியம். பொட்காஸ்ட் என்றால் அங்குள்ள கொடையாளர் வேலை முடிந்து கார் ஓட்டும்போது ஆறுதலாகக் கேட்பார்கள்.

இலகு: சந்தேகமே இல்லை, குரல்பதிவு. கிணற்றடியில் வாளிச் சத்தத்தோடு ஒரு அம்மம்மா "தம்பி, தண்ணி வந்திட்டுது" என்றால், அப்புறம் விளக்கம் எதற்கு? (அனுப்ப முன் அவரிடம் சம்மதம் கேளுங்கள்.)

அவசர உதவிக்கு, தெரிந்தவர்களுக்கு குரல்பதிவு. மாதாமாதம் தருகிறவரைத் தக்கவைக்கப் பொட்காஸ்ட். அதைத் தவறாமல் போட ஆள் இருந்தால் மட்டும்.