பெல் ஓம்ப்ர்: விடுதி வாசலுக்கு வெளியேயும் பார்க்க வேண்டிய ஊர்

மொரீஷியஸுக்குச் சுற்றுலா செல்லும் நம்மவர்கள் பெரும்பாலும் வடக்கே கிராண்ட் பே கடற்கரையோடு திரும்பிவிடுகின்றனர். தென்கரையில், சவான் மாவட்டத்தில் உள்ள பெல் ஓம்ப்ருக்கு ஒரு முழுப் பகலையாவது ஒதுக்குங்கள் என்பேன்.

கரும்புத் தோட்டத்தைச் சுற்றி உருவான ஊர் இது. 1999ஆம் ஆண்டு சர்க்கரை ஆலை மூடப்பட்ட பின், கரையோரத்தில் நட்சத்திர விடுதிகளும் கோல்ஃப் மைதானமும் எழுந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த தோட்ட மாளிகை இன்று உணவகமாக இயங்குகிறது. மாளிகையின் அழகில் குறை சொல்ல ஏதுமில்லை. இங்கே சொல்லப்படும் வரலாறு முதலாளியின் பக்கமே சாய்ந்திருப்பதுதான் உறுத்துகிறது. 1816இல் கூட்டாளிகளுடன் இத்தோட்டத்தை வாங்கிய சார்ல்ஸ் டெல்ஃபேர் தாவரவியல் ஆர்வலர். இன்று உலகச் சந்தைகளில் பெரிதும் விற்கும் கேவண்டிஷ் வாழையின் கதையே அவர் இங்கிலாந்துக்கு அனுப்பிய கன்றுகளில்தான் தொடங்குகிறது. விடுதி ஒன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆனால், தம் தோட்டத்து அடிமைகளின் நிலை குறித்துப் பிரிட்டனில் அடிமை முறையை எதிர்த்தவர்கள் கண்டனம் எழுப்ப, அதற்கு மறுப்பாக 1830இல் அவர் ஒரு நூலே வெளியிட வேண்டியிருந்தது என்பதைப் பயணிகள் தாமாகத் தேடித்தான் அறிய வேண்டியுள்ளது. 1835இல் அடிமை முறை ஒழிக்கப்பட்ட பிறகு, தீவின் கரும்பு வயல்களில் உழைத்தவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியர்கள்; அவர்களில் தமிழர்களும் இருந்தனர். தீவின் வயல்களுக்கு நடுவே கோபுரம்போல் அடுக்கப்பட்டிருக்கும் கருங்கல் குவியல்கள், நிலத்தைச் சீர்செய்ய அந்தக் கைகள் பொறுக்கிச் சேர்த்தவை. வண்டியை ஓரமாக நிறுத்தி ஒரு குவியலையாவது அருகில் சென்று பாருங்கள்.

சாப்பாட்டுக்கு மாளிகை உணவகத்தை நாடுவதா என்பது அவரவர் பணப்பையைப் பொறுத்தது. தெருக்கடையில் விற்கும் தால் பூரி (பருப்பு வைத்த மெல்லிய ரொட்டி) இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மொச்சைக் கறியும் மிளகாய்த் துவையலும் தடவிச் சுருட்டிக் காகிதத்தில் பொதிந்து தருவார்கள். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

பவளத்திட்டு அலைகளைத் தடுத்துவிடுவதால் கடல் ஆழமின்றி அமைதியாக இருக்கிறது. நீச்சல் பழகாதவர்களும் கரையோரமாக இறங்கலாம். பவளத் துண்டுகள் பாதத்தைக் கிழிக்கக்கூடும் என்பதால் காலணி அவசியம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று பலமாக வீசுமாதலால், கடலில் இறங்க விரும்புவோர் மற்ற மாதங்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது. 1923இல் மூழ்கிய டிரெவெஸ்ஸா கப்பலின் மாலுமிகள் சிலர், உயிர்காப்புப் படகில் வாரக்கணக்கில் மிதந்து கரையேறியது இங்கேதான்; அதற்கொரு நினைவுச்சின்னமும் உண்டு.

விடுதிகளுக்கு முன்னால் இருக்கும் மணற்பரப்பும், கடலேற்றம் தொடும் எல்லை வரை, சட்டப்படி பொதுமக்களுக்கு உரியது. அங்கே அறை எடுக்காதவர்களும் தயங்காமல் நடக்கலாம்.