டீசல் பிக்கப் வாங்குவோர் கவனத்திற்கு: திரையில் காட்டும் மைலேஜை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்

ஹூஸ்டன் பகுதியில் பழைய வாகனங்களை விற்கும் ஒரு டீலரிடம், எங்கள் கேட்டரிங் டிரெய்லரை இழுப்பதற்காக முக்கால் டன் ரக டீசல் பிக்கப் ஒன்றை வாங்கினோம் (முக்கால் டன் என்பது சுமை தாங்கும் திறனை வைத்து வழங்கும் ரகப் பெயர், வண்டியின் எடை அல்ல). நெடுஞ்சாலையில் கேலனுக்கு 22 மைல் கிடைக்கும் என்று விற்பனையாளர் அடித்துச் சொன்னார். சொன்னதோடு நில்லாமல், வண்டியைத் தாமே ஓட்டி, முன்திரையில் 22.4 என்ற எண்ணையும் காட்டினார். ஃப்ரீவேயில் ஏறி வேகம் 60 மைலில் நிலைத்த பிறகு அவர் ஸ்டியரிங்கில் இருந்த ஒரு பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்ததைப் பின் இருக்கையில் இருந்த என் தம்பி பார்த்திருக்கிறான். திரையை மாற்றுகிறார் என்று நினைத்தானாம். உண்மையில் அது சராசரிக் கணக்கைப் பூஜ்யமாக்கும் பொத்தான். மூன்று டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை நிலையிலிருந்து கிளப்பவும், சிக்னலுக்குச் சிக்னல் நின்று எடுக்கவும் செலவான டீசல் அந்தக் கணக்கில் சேரவே இல்லை. அதே சாலையில் அதே பொத்தானை அழுத்திவிட்டு ஓட்டியபோது எங்களுக்கும் அதே போன்ற எண்தான் வந்தது.

டேங்கை நிரப்பி ஓடோமீட்டரைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை நிரப்பும்போது ஓடிய மைல்களைப் பம்ப் காட்டும் கேலன்களால் வகுத்துப் பார்த்தால்தான் நிஜம் தெரியும். ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலுமாகக் கலந்து ஓட்டியதில் எங்களுக்குக் கிடைத்தது 14, 15 மைல். உயரமான டிரெய்லரை மாட்டி 70 மைல் வேகத்தில் போனால் 10 மைலைத் தாண்டுவதே அரிது, ஏனெனில் அந்த வேகத்தில் டிரெய்லரின் எடையைவிட அதன் முகப்பில் மோதும் காற்றுதான் டீசலைக் குடிக்கிறது. ஹூஸ்டனிலிருந்து சான் ஆன்டோனியோ சுமார் 200 மைல். 9 கேலனில் முடியும் என்று கணக்குப் போட்டு ஆர்டருக்கு விலை சொன்ன பயணம் 20 கேலனை விழுங்கியது. இது வண்டியின் பழுது அல்ல. இந்த ரகப் பிக்கப்புகள் சுமை இழுக்கும்போது தரும் மைலேஜ் இவ்வளவுதான். பொய் சொல்லி விற்றதுதான் குற்றம்.

இந்தப் பொய் எளிதில் எடுபடுவதற்கு ஒரு காரணம் உண்டு. புதிய சாதாரணக் கார்களின் கண்ணாடியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மைலேஜ் சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். சுமையோடு சேர்த்த மொத்த எடை வரம்பு 8,500 பவுண்டைத் தாண்டும் பிக்கப்புகளுக்கு அந்தச் சீட்டு தேவையில்லை. ஆகவே முக்கால் டன், ஒரு டன் வண்டிகளுக்கு விற்பவர் சொல்வதை ஒப்பிட்டுப் பார்க்க அதிகாரபூர்வமான எண் எதுவும் நம் கையில் இருக்காது.

முறையிடச் சென்றபோது நடந்தது அதைவிட மோசம். இந்த வண்டிகளின் எக்ஸாஸ்டில் உள்ள புகைக்கரி வடிகட்டி, சேர்ந்த கரியை அவ்வப்போது எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கும் டீசல் கூடுதலாகச் செலவாகும். அந்த வடிகட்டியைக் கழற்றி, எஞ்சின் கணினியின் நிரலையும் மாற்றிவிட்டால் தான் சொன்ன 22 வந்துவிடும் என்றும், அதைச் செய்து தரும் ஆளைத் தனக்குத் தெரியும் என்றும் அதே விற்பனையாளர் கூசாமல் சொன்னார். அமெரிக்கத் தூய காற்றுச் சட்டப்படி அது தடை செய்யப்பட்ட செயல். 2020இல் வெளியான சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அறிக்கை, முந்தைய பத்தாண்டுகளில் 5,50,000க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் இக்கருவிகள் அகற்றப்பட்டதாக மதிப்பிட்டது. ஆகவே பழைய வண்டி வாங்குவோர் கீழே குனிந்து, எக்ஸாஸ்டில் வடிகட்டி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழாய் பற்றவைக்கப்பட்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அப்படிப்பட்ட வண்டியைத் தொடவே மறுக்கும் பணிமனைகள் உண்டு.

டீலர்கள் விற்கும் பழைய வண்டிகளில் ஒட்டப்படும் வாங்குவோர் வழிகாட்டிச் சீட்டிலேயே, வாய்மொழி வாக்குறுதிகளை நிறைவேற்ற வைப்பது கடினம், எழுதி வாங்குங்கள் என்று அச்சிடப்பட்டிருக்கிறது. மைலேஜையும் அப்படியே எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். சோதனை ஓட்டத்தில் நீங்களே ஓட்டுங்கள், கிளம்பும் முன் கணக்கைப் பூஜ்யமாக்குங்கள், இடையில் வேறு யாரையும் அந்தப் பொத்தானைத் தொட விடாதீர்கள். எங்கள் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ள அந்த டீலர் மறுத்துவிட்டதால், டெக்சாஸ் மோட்டார் வாகனத் துறையிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்திருக்கிறோம்.