சரக்கு வேகன் சென்சாருக்கு எது: பேட்டரியா, அதிர்வா?

தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து நிலக்கரியோடு மணியாச்சி வழியே போகும் ரயிலில் கரண்ட் எல்லாம் இன்ஜினோடு சரி. பின்னால் வரும் வேகன்களுக்குப் பிரேக் காற்றுக் குழாய்தான் உண்டு, மின்சார ஒயர் கிடையாது. அப்புறம், அச்சுப் பேரிங் சூடாகிறதா என்று பார்க்கும் சென்சாரை எப்படி ஓட்டுவது?

லித்தியம் பேட்டரி எளிது, விலையும் குறைவு. சென்சார் பெரும்பாலும் தூங்கி, எப்போதாவது விழித்துத் தகவல் அனுப்பினால் வருடக்கணக்கில் தாங்கும். ஆனால் நம்ம பக்கத்து அக்கினி நட்சத்திர வெயிலில் கொதிக்கும் இரும்போடு ஒட்டிக் கிடந்தால், சும்மா இருந்தே தீர்கிற வேகம் கூடும். அதைவிடத் தலைவலி மாற்றுவது: இன்று இங்கே நிற்கிற வேகன் அடுத்த வாரம் ஒடிசாவில் நிற்கலாம்.

அதிர்வுக் கருவியில், ஸ்பிரிங்கில் தொங்கும் காந்தம் கம்பிச் சுருளுக்குள் ஆடி மின்சாரம் தருகிறது. வேகனைத் தாங்கும் வில்லுக்குக் கீழே, பேரிங் உறையிலேயே மாட்டினால் குலுக்கல் பலமாகக் கிடைக்கும். விளைவது மில்லிவாட் கணக்கில்தான். சென்சாருக்கு அது போதும். சிக்கல் வேறு இடத்தில். ஸ்பிரிங்கின் இயல்பான அதிர்வெண்ணோடு வண்டியின் ஆட்டம் பொருந்தினால்தான் நல்ல விளைச்சல். நிலக்கரி நிறைந்த வேகனும் காலி வேகனும் ஒரே மாதிரி அதிர்வதில்லை. வேகம் மாறினாலும் மாறும். சைடிங்கில், அதாவது ஓரத் தண்டவாளத்தில், நின்றுவிட்டால் சுத்தமாக ஒன்றுமில்லை, மின்சாரத்தைச் சேமிக்கும் கெப்பாசிட்டரில் சேர்த்ததும் மெல்லக் கரையும்.

இதைப் பெரிய குறையாக நான் நினைக்கவில்லை. நிற்கிற வண்டியில் பேரிங் எங்கே சூடாகப் போகிறது? பேரிங்கை மட்டும் கவனிக்க அதிர்வே என் தேர்வு. நிற்கும் வேகன் எங்கே கிடக்கிறது என்றும் தெரிய வேண்டுமானால், பேட்டரியை விட முடியாது.