அமெரிக்கா போகும் அம்மா அப்பாவுக்கு இன்ஷூரன்ஸ்: இங்கேயே எடுப்பதா, அங்கே எடுப்பதா?

ஐரோப்பாவுக்கு ஷெங்கன் விசா கேட்டால் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்டியே ஆக வேண்டும். அமெரிக்காவின் விசிட்டர் விசாவுக்கு அப்படி எந்தக் கட்டாயமும் கிடையாது. உலகத்திலேயே ஆஸ்பத்திரி பில் அதிகமாக வரும் நாட்டுக்கு, மகள் பிரசவத்துக்கென்று ஆறு மாசம் தங்கப் போகிற அறுபத்தேழு வயது அம்மா, கையில் எந்த பாலிசியும் இல்லாமலே விமானம் ஏறிவிடலாம். கட்டாயம் இல்லாததால்தானோ என்னவோ, பல வீடுகளில் இந்தப் பேச்சே கிளம்புவதற்கு முந்தின வாரம்தான் வருகிறது. பெட்டியில் ஊறுகாய் பாட்டிலை எங்கே வைப்பது என்ற விவாதத்துக்கு நடுவே, டிக்கெட் போட்ட ஏஜென்ட் போன் செய்வார்.

“அம்மாவுக்கு அம்பதாயிரம் டாலர் கவர் போட்டுடலாம் சார். எல்லாரும் அதுதான் எடுக்கறாங்க.”

“சுகர் இருக்கே, அதுக்கும் வருமா?”

“எமர்ஜென்சின்னா எல்லாம் வரும் சார்.”

அந்தக் கடைசி பதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி பாலிசி வாசகத்தின் நடுப்பக்கங்களில் இருக்கும்.

நம்மவர்கள் முன்னால் இருப்பது மூன்று வழிகள். ஒன்று, இந்திய நிறுவனங்கள் விற்கும் வெளிநாட்டுப் பயணக் காப்பீடு. இரண்டாவது, அமெரிக்காவில் பார்வையாளர்களுக்கென்றே விற்கும் பாலிசிகளில் விலை மலிவான ‘ஃபிக்ஸட் பெனிஃபிட்’ வகை, அதாவது ஒவ்வொரு செலவுக்கும் இவ்வளவுதான் என்று தொகை குறித்து வைத்தது. மூன்றாவது, அதே சந்தையில் விலை கூடுதலான ‘காம்ப்ரிஹென்ஸிவ்’ வகை, அதாவது மொத்த பில்லில் பெரும்பங்கைக் கட்டுவது. மகன் ஒன்று சொல்வார், மருமகன் ஒன்று சொல்வார். சண்டை பெரும்பாலும் ‘இந்தியாவா அமெரிக்காவா’ என்று நடக்கும். என்னைக் கேட்டால் கோடு அங்கே இல்லை. ஒவ்வொரு செலவுக்கும் தனித்தனி உச்சவரம்பு போட்ட அட்டவணை பாலிசியில் இருக்கிறதா இல்லையா என்பதுதான் முதல் கேள்வி.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிகிறது. ஆம்புலன்ஸ், அறுவை சிகிச்சை, நான்கு நாள் ஆஸ்பத்திரி. பில் 60,000 டாலர். மூன்று பாலிசியின் முகப்பிலும் ஒரு லட்சம் டாலர் கவர் என்று போட்டிருக்கிறது.

ஃபிக்ஸட் பாலிசியின் அட்டவணையில் அறைக்கு நாளொன்றுக்கு 1,500, அறுவைக்கு 5,000, மயக்க மருந்துக்கு 1,250, எமர்ஜென்சி அறைக்கு 500, ஆம்புலன்ஸுக்கு 400, ஸ்கேனுக்கு 500 என்று இருந்தால், எல்லாம் கூட்டி 13,650 டாலர்தான் வரும். பாக்கி 46,350 மருமகன் தலையில். ஒரு லட்சம் என்று அட்டையில் போட்டது பொய் இல்லை. அந்த ஒரு லட்சத்தை எட்டும் வழிதான் பாலிசிக்குள் கிடையாது.

காம்ப்ரிஹென்ஸிவ் பாலிசியில் டிடக்டபிள் 250 என்று வைப்போம். அதாவது முதல் 250 டாலர் நம் கைக்காசு. அதற்கு மேல் வரும் முதல் 5,000 டாலரில் 80 சதவீதம் அவர்கள், 20 சதவீதம் நாம். இந்தப் பங்கீட்டைத்தான் கோ-இன்ஷூரன்ஸ் என்கிறார்கள். அதைத் தாண்டியதெல்லாம் கவர் தொகை வரைக்கும் அவர்கள் பொறுப்பு. 250-உம் 1,000-உம் சேர்த்து 1,250 டாலரோடு குடும்பம் தப்பிக்கிறது. ஆஸ்பத்திரி அந்த பாலிசியின் நெட்வொர்க்கில், அதாவது அவர்களோடு கட்டண ஒப்பந்தம் உள்ள ஆஸ்பத்திரிகளின் பட்டியலில், இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வெளியே போனால் ‘அந்தப் பகுதியில் நியாயமான கட்டணம்’ என்று அவர்கள் கருதுவதை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம்.

இப்போது இந்திய பாலிசி. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள், ஆனால் எல்லோரும் நினைக்கிற காரணத்துக்காக அல்ல. நாற்பது வயதுக்காரர் எடுத்தால் நன்றாக இருக்கும் அதே பாலிசியில், அறுபதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் பல நிறுவனங்கள் சப்-லிமிட் என்று ஒரு அட்டவணையைச் செருகியிருக்கும். அறை வாடகை இவ்வளவு, ஐசியு இவ்வளவு, அறுவை இவ்வளவு. அது வந்துவிட்டால் கதை ஃபிக்ஸட் பாலிசியின் கதைதான். சப்-லிமிட் இல்லாத திட்டமும் கிடைக்கும், பிரீமியம் கூடும். அப்படி எடுத்திருந்தால், டிடக்டபிள் 100 டாலர் போக மீதி முழுக்க அவர்கள் கட்டுவார்கள். விழுந்து எலும்பு முறியும் இந்த ஒரு விஷயத்தில், அது அமெரிக்க காம்ப்ரிஹென்ஸிவையே மிஞ்சிவிடுகிறது.

சுகர், பிபி, ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவர் என்று வந்தால் நிலைமை வேறு. ‘ப்ரீ-எக்ஸிஸ்டிங்’ (பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய்) என்ற தலைப்பில் மூன்று வகையுமே பெரும்பாலும் கையை விரிக்கும். எவ்வளவு விரிக்கும் என்பதில்தான் வித்தியாசம். இந்திய பாலிசிகள் பலவற்றில் உயிருக்கு ஆபத்தான கட்டத்தில் நிலைப்படுத்தும் செலவு மட்டும் உண்டு, அதுவும் ஒரு சிறு வரம்புக்குள். அமெரிக்க காம்ப்ரிஹென்ஸிவ் திட்டங்களில் ‘அக்யூட் ஆன்செட்’ என்று ஒரு பிரிவு இருக்கும். ஏற்கெனவே உள்ள நோய், முன்னறிகுறி எதுவும் இல்லாமல் திடீரென்று முற்றி, 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போயிருந்தால் கொடுப்போம் என்கிறது அது. இரவு நெஞ்சு வலித்து உடனே அங்கத்திய அவசர உதவி எண் 911-ஐக் கூப்பிட்டால் வாய்ப்பு உண்டு. ‘ரெண்டு நாளா ஒரு மாதிரியா இருந்துச்சு, உங்களுக்கு எதுக்கு தொந்தரவுன்னு சொல்லல’ என்று அம்மா டாக்டரிடம் சொல்லி, அதை அவர் குறிப்பில் எழுதினால் கிளெய்ம் அங்கேயே விழும். நம் அம்மாக்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்பது தனிக் கவலை. இந்தப் பிரிவுக்குப் பல திட்டங்களில் வயது வரம்பும் உண்டு. எழுபதிலோ எண்பதிலோ சத்தமில்லாமல் நின்றுவிடும்.

வழக்கமான சுகர் பரிசோதனை, மாத்திரை, டயாலிசிஸ் எதற்கும் பெரும்பாலான பாலிசிகளில் பணம் எதிர்பார்க்க வேண்டாம். ஆறு மாத மாத்திரையை மருந்துச்சீட்டோடு இங்கிருந்தே கொண்டுபோவதுதான் வழி.

விண்ணப்பத்தில் நோயை மறைக்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்திய நிறுவனங்கள் முன்கூட்டியே கேட்கும். பொய் சொன்னால் கிளெய்மை நிராகரிக்க அதுவே போதும். அமெரிக்க விசிட்டர் பாலிசிகள் பெரும்பாலும் எடுக்கும்போது எதுவும் கேட்பதில்லை. பெரிய தொகைக்கு கிளெய்ம் போட்டதும் ஊரில் பார்த்த டாக்டரின் பழைய குறிப்புகளையெல்லாம் கேட்பார்கள். நேரம்தான் வேறு.

ஆஸ்பத்திரி வாசலிலும் ஒரு வித்தியாசம் தெரியும். எமர்ஜென்சி அறைக்கு வந்தவரைப் பணம் இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது என்று அமெரிக்காவில் 1986-லிருந்து சட்டம் இருக்கிறது. பரிசோதித்து நிலைப்படுத்தியே ஆக வேண்டும். ஆனால் பில் தபாலில் பின்னாலேயே வரும். ஆஸ்பத்திரிக்கு ஒன்று, டாக்டருக்கு ஒன்று, ஸ்கேன் பார்த்தவருக்கு ஒன்று என்று தனித்தனி உறைகளில். அமெரிக்க காம்ப்ரிஹென்ஸிவ் பாலிசியோடு வரும், அந்த ஊர் நெட்வொர்க்கின் பெயர் போட்ட அட்டையை நீட்டினால், கவுன்டரில் இருப்பவருக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியும்; பில் நேராக இன்ஷூரன்ஸுக்குப் போக வழி உண்டு. இந்திய பாலிசியும் கேஷ்லெஸ் என்றுதான் சொல்லும். அதற்கு, பாலிசிக்காரர்கள் வெளிநாட்டு கிளெய்ம்களைக் கவனிக்க வைத்திருக்கும் உதவி நிறுவனத்தின் எண்ணைக் கூப்பிட்டு, கிளெய்ம் எண் வாங்கி, அவர்கள் ஆஸ்பத்திரியோடு பேச வேண்டும். படுத்துக் கிடப்பவருக்கு அல்ல, மகளுக்கு அந்த வேலை. கைக்குழந்தையோடு. சின்னச் செலவுகளை நாமே கட்டிவிட்டு ரசீது அனுப்பித் திரும்ப வாங்கும் நிலைதான் பெரும்பாலும்.

பெட்டி தாமதம், பாஸ்போர்ட் தொலைவது, விமானம் தவறுவது, பயணம் ரத்தாவது: இதிலெல்லாம் இந்திய பாலிசி தாராளம், அமெரிக்க விசிட்டர் பாலிசி கஞ்சம். ஆனால் ஆஸ்பத்திரி பில்லோடு ஒப்பிட்டால் இவை சின்ன விஷயங்கள். இதற்காக பாலிசி தேர்ந்தெடுப்பது வீண்.

தகராறு என்று வந்தால் இந்திய பாலிசிக்கு ஒரு பலம் இருக்கிறது. நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்தும் தீரவில்லையென்றால், காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரியான இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் உண்டு, வக்கீலும் வேண்டாம், கட்டணமும் இல்லை. அமெரிக்க பாலிசியில் தகராறு வந்தால் அம்மா ஊர் திரும்பிய பிறகும் மின்னஞ்சலில் மகன்தான் மல்லுக்கட்ட வேண்டும்.

எழுபதுக்குள், சுகரோ பிபியோ இருந்தால் நான் அமெரிக்க காம்ப்ரிஹென்ஸிவ்தான் எடுக்கச் சொல்வேன், கவர் ஒரு லட்சம் டாலருக்குக் குறையாமல். எந்த வியாதியும் இல்லாத அப்பாவுக்கு சப்-லிமிட் இல்லாத இந்திய பாலிசி தாராளமாகப் போதும். அது கிளம்புவதற்கு முன்பே எடுத்தாக வேண்டியது. அமெரிக்க பாலிசியை இறங்கிய பிறகும் எடுக்கலாம், ஆனால் எடுத்த தேதிக்கு முன்னால் வந்த எதற்கும் அதில் பணம் வராது. ஃபிக்ஸட் பாலிசியை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

எண்பதைத் தாண்டியவர்களுக்குத்தான் நல்ல விடை இல்லை. பல அமெரிக்கத் திட்டங்களில் அந்த வயதுக்கு அதிகபட்ச கவரே 10,000 டாலர் அளவுக்குச் சுருங்கிவிடும். பிரீமியமோ ஏறிக்கொண்டே போகும். இந்தியாவில் அந்த வயதுக்குக் கொடுக்கும் நிறுவனங்களும் மருத்துவப் பரிசோதனை, அட்டவணை என்று கட்டிப்போடுகின்றன. அவர்கள் போவதாக இருந்தால் ஆறு மாசத்தை ஆறு வாரமாகக் குறைப்பதும், மகள் இந்தப் பக்கம் வருவதும்தான் எந்த பாலிசியையும் விட மலிவு.