அரசு பஸ், தனியார் பஸ், ஒப்பந்த பஸ்: வேலூரில் நின்று பார்த்தால்

பொதுத்துறை வேண்டும் என்று இடதுசாரிக் கட்சிகள் பேசும்போது எங்கள் பக்கம் பலருக்கும் ராணிப்பேட்டை பெல் ஆலைதான் நினைவுக்கு வரும். நான் பஸ்ஸை எடுத்துக்கொள்கிறேன். வேலூரிலிருந்து கிளம்பும் பல தடங்களில் அரசு பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் முன்னும் பின்னுமாக ஓடுகின்றன. இரண்டிலும் ஏறி இறங்குகிற யாரும் இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தனியார் பஸ்ஸின் பலம் எல்லோருக்கும் தெரியும். வண்டி சுத்தமாக இருக்கும், வேகமாகப் போகும், கை காட்டினால் நிற்கும். குடியாத்தத்துக்கோ ஆரணிக்கோ அவசரமாகப் போகிறவர் அதில் ஏறுவதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வேகத்துக்குப் பின்னால் கலெக்‌ஷன் பேட்டா, அதாவது வசூலுக்கு ஏற்ற தினப்படி, இருக்கிறது. முன்னால் போகும் வண்டியை முந்தினால்தான் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் அன்றைக்கு நாலு காசு கூடுதலாகக் கிடைக்கும். அப்புறம் தடம். ஒடுகத்தூர் தாண்டி, ஜவ்வாது மலையடிவாரத்துக் கிராமத்துக்கு ராத்திரி கடைசி ட்ரிப்பில் எத்தனை பேர் ஏறுவார்கள்? டீசல் கணக்குப் பார்க்கிற எந்த முதலாளியும் அந்த ட்ரிப்பை விரும்பி ஓட்ட மாட்டார்.

அரசு பஸ்ஸின் கதை வேறு. 1972இல் போக்குவரத்துக் கழகங்கள் உருவாகத் தொடங்கின. வேலூர்க் கழகம் ஒரு காலத்தில் சுயமரியாதை இயக்கப் பேச்சாளர் பட்டுக்கோட்டை அழகிரி பெயரில் ஓடியது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. காட்பாடியிலிருந்து வேலூர் ஜவுளிக் கடைக்கு வேலைக்குப் போகும் பெண்ணின் சம்பளத்தில் மாதாமாதம் பஸ் காசு மிச்சமாகிறது. கழகம் பொதுச் சொத்தாக இருந்ததால்தான் ஒரே உத்தரவில் இது மாநிலம் முழுக்க நடந்தது.

பலர் பேசாமல் விடுகிற இன்னொன்று வேலைவாய்ப்பு. கழகத்தில் ஆள் எடுத்தால் 69 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. ஆற்காட்டுச் சேரியில் பிறந்தவரும் ஜவ்வாது மலையின் மலையாளி என்ற பழங்குடி இளைஞரும் யார் சிபாரிசும் இல்லாமல் டிரைவராகவோ கண்டக்டராகவோ ஆகலாம். தனியார் பஸ்ஸில் முதலாளி யாரைச் சேர்க்கிறாரோ அவருக்குத்தான் வேலை. இடதுசாரிகள் பொதுத்துறையையும் சமூகநீதியையும் சேர்த்தே பேசுவதன் காரணம் இதுதான். எனக்கு அது முழுக்கச் சரியாகப் படுகிறது.

அதற்காக அரசு பஸ்ஸின் குறைகளை மறைக்க முடியாது. பழைய வண்டி, காலிப் பணியிடம், ஓய்வு பெற்றவருக்குப் பல ஆண்டு வராமல் இருந்த அகவிலைப்படி. 2024 ஜனவரியில் இடதுசாரித் தொழிற்சங்கமான சிஐடியு உள்ளிட்ட சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியது இதையும் முன்வைத்துத்தான். வரவுக்கும் செலவுக்கும் உள்ள இடைவெளியை அரசே பட்ஜெட்டில் ஏற்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. மக்களுக்காகக் கட்டணத்தைக் குறைத்து வைப்பது அரசு. அதன் சுமையைத் தொழிலாளி தலையில் ஏற்றுவது அநியாயம்.

இப்போது மூன்றாவதாக ஒப்பந்த முறை வந்திருக்கிறது. சென்னையில் 2025இல் வந்த மின்சார பஸ்களில் கண்டக்டர் மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் ஆள், வண்டியும் டிரைவரும் கம்பெனியுடையது. கம்பெனிக்குக் கிலோமீட்டர் கணக்கில் பணம். தடத்தையும் கட்டணத்தையும் அரசே முடிவு செய்வதால் பயணிக்கு நஷ்டமில்லை. டிரைவர் வேலையில் மட்டும் இட ஒதுக்கீடும் நிரந்தரமும் போய்விடுகின்றன. கேரளத்தில் இடது முன்னணி அரசே நெடுந்தூர பஸ்களுக்கு ஸ்விஃப்ட் என்று தனி நிறுவனம் தொடங்கி, ஒப்பந்தத்தில் ஆள் எடுத்தது. இங்கே இடதுசாரிகள் எதிர்க்கும் ஒப்பந்த முறையை அங்கே கொண்டுவந்தது ஏன் என்று கேட்டால் கட்சிக்காரர்கள் நேராகப் பதில் சொல்ல வேண்டும். நிதி நெருக்கடி என்ற பதில் எனக்குப் போதவில்லை.

மூன்றில் என் தேர்வு அரசு பஸ்தான். வேலூருக்கும் மின்சார பஸ் வரட்டும். வண்டியைக் கம்பெனியிடம் வாங்கிக்கொள்ளலாம். டெப்போவும் டிரைவர் நியமனமும் கழகத்தின் கையிலேயே இருக்க வேண்டும்.