ஃபேன் ஓடும் வீட்டில் பாட்காஸ்ட்: எந்த மைக்குக்குக் காசு கொடுக்கலாம்?

பாட்காஸ்ட் ஆரம்பிக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த மைக் பெஸ்ட்?" என்றுதான். அதற்கு முன் தெரிய வேண்டியவை இரண்டு: பேசப்போவது எத்தனை பேர், பேசும் அறையில் என்னென்ன சத்தம். இந்தப் பதில்கள் கிடைத்துவிட்டால் கடையில் காட்டும் பெட்டிகளில் பாதியைத் திறக்கவே வேண்டாம். இங்கே நான் எடுத்துக்கொள்வது நமக்குப் பழக்கமான ஒரு நிலைமை. அடுக்குமாடி வீட்டில் ஓர் அறை, ஃபேன் போடாமல் உட்கார முடியாது, தெருவில் ஹாரன், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், மேஜையின் இருபுறமும் இரண்டு பேர்.

முதல் போட்டி ப்ளூ யெட்டிக்கும் சாம்சன் க்யூ2யூவுக்கும். யெட்டி 2009-ல் வந்தது. யூஎஸ்பி ஒயரைச் செருகினால் போதும் என்பதால் யூட்யூபர்களின் மேஜைகளை அதுதான் பிடித்துக்கொண்டது. உள்ளே மூன்று கண்டென்சர் கேப்ஸ்யூல்கள், அதாவது மின்னேற்றிய மெல்லிய தகட்டால் ஒலியைப் பிடிக்கும் பகுதிகள். பின்னால் இருக்கும் திருகைத் திருப்பினால் முன்பக்கம் மட்டும், முன்னும் பின்னும், சுற்றிலும், ஸ்டீரியோ என்று நான்கு விதமாகப் பதியும். அமைதியான அறையில் அருமையான மைக். க்யூ2யூ அப்படிக் கண்ணைப் பறிக்காது. கச்சேரி மேடையில் கையில் பிடிக்கும் மைக் மாதிரிதான் இருக்கும். டைனமிக் ரகம், அதாவது காந்தமும் கம்பிச் சுருளும் வைத்து ஒலியைப் பிடிப்பது. அடியில் யூஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் (மேடை மைக்குகளில் இருக்கும் மூன்று முள் இணைப்பு) இரண்டு சாக்கெட்டும் உண்டு. ஆடியோ-டெக்னிகா ஏடிஆர்2100எக்ஸும் இதே வகைதான். எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை எடுக்கலாம்.

"டைனமிக் மைக் வெளிச்சத்தத்தை வடிகட்டிவிடும்" என்று விற்கிறவர்கள் சொல்வது பாதி உண்மை. எது குரல், எது ஃபேன் என்று எந்த மைக்குக்கும் தெரியாது. முன்பக்கம் மட்டும் கேட்கும் ஒரு கண்டென்சரையும் அதேபோன்ற ஒரு டைனமிக்கையும் வாயிலிருந்து ஒரே தூரத்தில் வைத்தால், குரலுக்கும் ஃபேனுக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். விஷயம் தூரத்தில் இருக்கிறது. வாய்க்கும் மைக்குக்கும் இடையே உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபெல் ஏறும். அறை முழுக்கப் பரவிக் கிடக்கும் ஃபேன் சத்தம் ஏறாது. யெட்டியை அதன் ஸ்டாண்டோடு மேஜையில் வைத்தால் வாயிலிருந்து 40 சென்டிமீட்டராவது தள்ளி நிற்கும். க்யூ2யூவில் 10 சென்டிமீட்டருக்குள் வந்து பேசினால்தான் குரல் சரியாக விழும். 40-க்கும் 10-க்கும் நடுவே 12 டெசிபெல் இருக்கிறது. பதிந்த பிறகு எந்த சாஃப்ட்வேரை வைத்துத் துடைத்தாலும் இவ்வளவு சுத்தமாக அந்த 12 டெசிபெல் கிடைக்காது.

யெட்டியையும் ஆர்மில் (மேஜையோரத்தில் பொருத்தும் மடக்குக் கையில்) மாட்டி வாயருகே இழுத்துக்கொள்ளலாமே என்றால், இழுத்துக்கொள்ளலாம். அது கனமான மைக். மலிவான ஆர்ம் தலையைத் தொங்கப்போட்டுவிடும். அதற்கு நல்ல ஆர்ம் வாங்கும் காசையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஆனால் நம் நிலைமையில் யெட்டி தோற்பது இதனால் மட்டுமல்ல, இரண்டாவது ஆளால். முன்னும் பின்னும் கேட்கும்படி வைத்து மைக்கை நடுவில் நிறுத்தினால் இருவருமே தள்ளிப்போகிறார்கள். தூரக் கணக்கு மறுபடி உதைக்கும். இருவர் குரலும் ஒரே பதிவில் கலந்துவிடும், ஒருவர் இருமினால் தனியாக வெட்ட முடியாது. சரி, இரண்டு யெட்டி வாங்கினால்? ஒவ்வொரு யூஎஸ்பி மைக்கும் தன் சொந்தக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஓடுகிறது. ஒரே கம்ப்யூட்டரில் இரண்டையும் சேர்த்துப் பதிவது தலைவலி. மேக்கில் அதற்கென்று வழி இருக்கிறது, விண்டோஸில் சுற்றி வளைத்துத்தான் போக வேண்டும். யூஎஸ்பி மட்டும் உள்ள மைக் ஒரு ஆளோடு முடிந்துவிடும். க்யூ2யூவை இன்று யூஎஸ்பியில் தனியாகப் பேசப் பயன்படுத்தலாம். நாளை நண்பர் சேர்ந்தால் இன்னொன்று வாங்கி, இரண்டையும் எக்ஸ்எல்ஆர் ஒயரில் மாற்றிக்கொள்ளலாம். முதலில் போட்ட காசு வீணாகாது.

ஷூர் எஸ்எம்7பி பற்றிச் சொல்லாவிட்டால் விடமாட்டீர்கள். வீடியோ பாட்காஸ்ட்டுகளில் எல்லோர் வாய்க்கு முன்னும் கறுப்பாக நிற்பது அதுதான். அமெரிக்காவில் பல வருடம் 399 டாலருக்கு விற்றது. அருமையான மைக், மறுப்பில்லை. ஆனால் அதன் வெளியீடு மிகவும் மெலிது. குறைந்தது 60 டெசிபெல் கெயின், அதாவது ஒலிப் பெருக்கம், கொடுக்கச் சொல்கிறது ஷூர். எக்ஸ்எல்ஆர் மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டியான ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2-வின் மூன்றாம் தலைமுறை தருவது 56. அதனால் 25 டெசிபெல் கூட்டும் கிளவுட்லிஃப்டர் என்ற பெட்டியை நடுவில் மாட்டுவார்கள், அதற்குத் தனிக் காசு. 2023-ல் வந்த நான்காம் தலைமுறை 2ஐ2 69 டெசிபெல் வரை தருகிறது; அதை வைத்திருப்பவருக்குக் கிளவுட்லிஃப்டர் வேண்டாம். பழைய வீடியோவைப் பார்த்துவிட்டு மைக், புது 2ஐ2, கிளவுட்லிஃப்டர் மூன்றையும் சேர்த்து வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த மைக்கின் தோற்றம்தான் வேண்டுமென்றால் வாங்குங்கள், தப்பே இல்லை. கேமராவுக்காக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் சரி. போனில் இயர்பட்ஸ் மாட்டி, பஸ்ஸில் போய்க்கொண்டே கேட்பவருக்கு க்யூ2யூவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பிடிபடுவது கடினம்.

இரண்டு மைக்கையும் எதில் செருகுவது? 2ஐ2 என்றால் கம்ப்யூட்டர் வேண்டும், ஹெட்போன் சாக்கெட் ஒன்றுதான். 2020-ல் வந்த ஸூம் பாட்ட்ராக் பி4 என்ற ரெக்கார்டர் கம்ப்யூட்டர் இல்லாமலே எஸ்டி கார்டில் பதியும். நான்கு மைக்குகளும் தனித்தனி ஃபைலாக விழும். நான்கு ஹெட்போன், ஒவ்வொன்றுக்கும் தனி வால்யூம். இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடும் என்பது கரண்ட் போகும் ஊரில் சின்ன விஷயமல்ல. வெளியூர் விருந்தாளியைப் போனில் பிடித்து அதில் இணைத்தால், அவர் குரல் அவருக்கே எதிரொலிக்காமல் பார்த்துக்கொள்ளும். குறையும் உண்டு: யூஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டருக்குக் கலந்த ஒலிதான் போகும், தனித்தனி டிராக்குக்கு எஸ்டி கார்டைத்தான் எடுக்க வேண்டும். உடம்பு பிளாஸ்டிக். இரண்டு பேர் பேசும் நிகழ்ச்சிக்கு என் ஓட்டு பி4-க்கே. இதே வேலையைச் செய்யும் ரோடுகாஸ்டர் ப்ரோ 2 பல விதத்தில் உசத்தி, விலையிலும். விளம்பரதாரர் வந்த பிறகு யோசிக்கலாம்.

வீட்டைவிட்டு வெளியே போய்ப் பேட்டி எடுப்பவருக்கு இந்தக் கணக்கு முழுக்க மாறும். சட்டையில் குத்தும் மைக்தான் அவருக்கு. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் போயா பிஒய்-எம்1-ல் 6 மீட்டர் ஒயர் வருகிறது. சுற்றிலும் உள்ள எல்லாவற்றையும் கேட்கும் ரகம் என்பதால் ஃபேன் அறைக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

மிச்சம் பிடித்த காசில் முதலில் இரண்டு பூம் ஆர்ம், பஞ்சு உறை, காதை மூடும் ஹெட்போன் வாங்குங்கள். ஆர்மை மேலிருந்து இறக்கி, மைக்கின் முகம் வாயைப் பார்க்க, பின்பக்கம் கூரையைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். முன்பக்கம் கேட்கும் மைக்குக்குப் பின்பக்கம்தான் செவிட்டுப் பக்கம், ஃபேன் இருப்பதும் அங்கேதான். ஃபேன் காற்று நேராக மைக்கின் மேல் இறங்கினால் பஞ்சு உறையும் கைகொடுக்காது. மேஜையை ஒரு முழம் நகர்த்திப் போட்டுவிட்டு ரெக்கார்ட் பொத்தானை அழுத்துங்கள்.