‘மோட்டார் போயிடுச்சு’ என்றால் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்

பழைய சூப்பர் 8 புரொஜெக்டரை (வீட்டில் எடுத்த ஃபிலிம் சுருளைச் சுவரில் படமாகக் காட்டும் மெஷின்) பரணில் வைத்திருக்கும் மும்பைத் தமிழர்கள் ரொம்பப் பேர் இருக்க மாட்டார்கள். இருக்கிற நாலு பேராவது தப்பிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

பெரியப்பா கப்பலில் வேலை பார்த்தவர். ஜப்பான் கேமராவும் புரொஜெக்டரும் வாங்கிவந்து, 1979இல் மாட்டுங்காவில் நடந்த தாத்தாவின் அறுபதாம் கல்யாணத்தைப் படமெடுத்தார். ஐம்பது அடிச் சுருள்கள் ஆறு. விநாடிக்கு 18 ஃபிரேம் கணக்கில் ஒரு சுருள் 3 நிமிடம் 20 விநாடி ஓடும், அவ்வளவுதான். அவர் காலத்துக்குப் பிறகு எல்லாம் செம்பூரில் என் வீட்டுக்கு வந்தன. போன தீபாவளிக்குப் போட்டுப் பார்த்தேன். பல்பு எரிந்தது, மோட்டார் உறுமியது, படம் மட்டும் நொண்டியது. பின்பக்க ரீல் சுற்றவே இல்லை. ஃபிலிம் தரையில் இடியாப்பமாகக் குவிந்தது.

லாமிங்டன் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு ரிப்பேர் கடை. உரிமையாளர் திருநெல்வேலிக்காரர். “அண்ணாச்சி” என்று கூப்பிட்டதுமே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது, அது என் தப்பு. ஐந்து நாள் கழித்து போன்: “சார், மோட்டார் காயில் எரிஞ்சு போச்சு. ரீவைண்டிங் பண்ணணும், ஆறாயிரத்து ஐநூறு ஆகும்.”

“மோட்டார் சத்தம் வந்ததே அண்ணாச்சி?”

“சத்தம் வரும் சார், சக்தி இருக்காது.”

எவ்வளவு அழகான பதில்! 3,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். அப்புறம் இரண்டு மாதம் “நாளைக்கு வாங்க”தான். குர்லாவிலும் தாதரிலும் வண்டி மாறி கிராண்ட் ரோடு போய்ப் போய்த் திரும்பினேன். கடைசியில் ஃபிலிம் மாட்டாமல் அரை நிமிடம் ஓட்டிக் காட்டி மீதிப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்.

வீட்டில் சுருளை மாட்டினேன். ‘டக், டக்’ என்று ஒரு சத்தம், அதற்கேற்பப் படமும் குலுங்கியது. ஒரு நிமிடத்தில் ஃபிலிம் நின்றுபோனது. பல்பு நிற்கவில்லை. சுவரில் தாத்தா மாலையோடு நிற்க, அவர் தோளில் ஒரு பழுப்பு வட்டம் கொப்பளித்துப் பரவியது. நான் சுவிட்சை அணைப்பதற்குள் மூன்று ஃபிரேம் பொசுங்கிவிட்டது.

அன்றிரவு பின்மூடியை நானே கழற்றினேன். நான்கே திருகுகள். மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள்மேல் கம்பெனி வைத்த சிவப்புப் பெயின்ட் பொட்டு அப்படியே இருந்தது, அதன்மேல் பழைய தூசியும். மோட்டாரை யாரும் வெளியே எடுக்கவே இல்லை. கோளாறு, மோட்டார் சுற்றுவதை மற்ற சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பெல்ட்டில். பழைய ரப்பர் பெல்ட் வயதாகித் தார் மாதிரி உருகி, புல்லியின் (பெல்ட் ஓடும் சக்கரம்) பள்ளத்தில் அப்பியிருந்தது. மனிதர் அதைச் சுரண்டக்கூட இல்லை. ஏதோ ரப்பர் கயிற்றை வெட்டி, முனைகளைப் பசையால் ஒட்டி, அதன்மேலேயே மாட்டியிருந்தார். அந்த ஒட்டின முடிச்சு புல்லியில் ஏறும்போதெல்லாம்தான் டக், டக். போதாததற்கு எண்ணெய் ஸ்பிரே வேறு. ரப்பரில் எண்ணெய் பட்டால் வழுக்காமல் என்ன செய்யும்?

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் காது குடையும் பட்ஸும் வைத்து ஒரு ஞாயிறு முழுக்கத் துடைத்தேன். (கையுறை போடுங்கள். அந்தக் கறுப்பு பட்ட என் வேட்டி இப்போது தரை துடைக்கிறது.) பள்ளத்தைச் சுற்றி நூல் விட்டு அளந்து, அதைவிடக் கொஞ்சம் சிறிய, ஒட்டுப்போடாத பெல்ட்டை வரவழைத்தேன். ரொம்ப இறுக்கமாக இருந்தால் மோட்டாருக்குச் சுமை. பெல்ட் விலை 350 ரூபாய். பொசுங்கிய இடத்தை வெட்டி ஒட்டினேன். படம் சீராக ஓடுகிறது.

கடைக்குப் போய்க் கேட்டதற்கு, “பழைய மெஷின் சார், கேரண்டி கிடையாது” என்றார். நீங்கள் மெஷினை ரிப்பேருக்குக் கொடுப்பதாக இருந்தால், மூடியைத் திறந்து உங்கள் கண்முன் ஓட்டச் சொல்லுங்கள். மோட்டார் தண்டு சுற்றி, அதற்கடுத்த சக்கரம் சுற்றாவிட்டால் முதலில் பெல்ட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். வேண்டாத ஃபிலிம் ஒன்றைக் கொண்டுபோய், பல்பையும் போட்டு முழுச் சுருளும் ஓட்டிப் பார்த்த பிறகு மீதிப் பணம் கொடுங்கள். என்ன மாற்றினார்கள் என்று பில்லில் எழுதட்டும். என்னுடையதில் ‘சர்வீஸ் 6,500’ என்று மட்டும் இருக்கிறது, கடையின் பெயர்கூட இல்லை. அதனால்தான் இங்கே நானும் பெயரைப் போடவில்லை. இந்தத் துண்டுக் காகிதத்தை வைத்துக்கொண்டு போட்டால் மாட்டப்போவது நான்தான்.